வியன்னாவின் பழம்பெரும் ஹோட்டலில் ஓரிரு இரவுகள்: சாஹரா, இம்பீரியலா, அல்லது வேறு வழியா?

கேள்வி: நெடுவழி

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதத்தில் என் பெற்றோரை வியன்னாவுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். அவர்களுடைய நாற்பதாவது மணநாள் அந்தப் பயணத்தின் இடையே வருகிறது. அப்பா பணி ஓய்வுக்குப் பிறகு மேற்கத்திய செவ்வியல் இசையில் தோய்ந்துபோனவர். பீத்தோவனையும் பிராம்ஸையும் நாள் தவறாமல் கேட்கிறார். அம்மாவுக்கு இசையைவிடப் பழைய கட்டடங்களில் ஈடுபாடு அதிகம். ஆனால் முழங்கால் வலியால் அவரால் அதிகம் படியேற முடியாது. சைவ உணவு உண்பவர், முட்டையையும் தவிர்ப்பவர்.

பயணத்தின் பெரும்பகுதிக்குச் சமையலறை வசதியுள்ள ஓர் எளிய குடியிருப்பை வாடகைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறோம். மணநாளையொட்டி மட்டும் ரிங் சாலைப் பகுதியிலுள்ள பழைய, பெரிய ஹோட்டல்களில் ஒன்றில் அவர்களைத் தங்கவைக்கலாம் என்று உடன்பிறந்தவர்கள் அனைவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். ஓர் இரவுக்கு ஏறக்குறைய 500 யூரோவில் தொடங்கி 1,000 யூரோவுக்கு மேலும் போகும் கட்டணங்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தயக்கம் வந்துவிட்டது. இவ்வளவு பணத்துக்கு உண்மையில் கிடைப்பது என்ன? சாஹர், இம்பீரியல் ஆகிய இரண்டில் எங்கள் தேவைக்குப் பொருந்துவது எது? ஒரே ஹோட்டலில் அறைக்கு அறை விலை இப்படி மாறுவது ஏன்? இவை தவிர, இத்தகைய இடங்களின் பழக்கவழக்கங்களை அறியாதவர்கள் அங்கே சங்கடமின்றி இருக்க முடியுமா என்பதையும் தங்கி அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: வடகரையான்

வணக்கம். அப்பாவின் பிராம்ஸும் அம்மாவின் முழங்காலும் உங்கள் கேள்விக்கான விடையை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகின்றன. நான் இவ்விரு ஹோட்டல்களிலும் வெவ்வேறு காலங்களில் தங்கியிருக்கிறேன். உங்கள் இடத்தில் இருந்தால் இம்பீரியலைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

காரணத்தைச் சொல்லுமுன் அந்தக் கட்டடத்தின் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். பேரரசர் பிரான்ஸ் யோசேஃப் 1857-இல் நகரின் பழைய கோட்டைச் சுவர்களை இடிக்க ஆணையிட்டார். அந்த இடத்தில் உருவான ரிங் சாலை 1865-இல் திறக்கப்பட்டது. அச்சாலையில் மாளிகை கட்டிக்கொள்ளப் பிரபுக்களும் புதுப் பணக்காரர்களும் போட்டியிட்ட அந்த நாளில், ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஃபிலிப் என்பவருக்காக 1860-களில் எழுந்த மாளிகைதான் இன்றைய இம்பீரியல். அவர் அதில் நெடுங்காலம் வாழவில்லை. 1873-ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்கு வரும் விருந்தினருக்காக அது ஹோட்டலாக மாற்றப்பட்டது. கண்காட்சி தொடங்கிய சில நாள்களிலேயே, அதே மே மாதம் 9-ஆம் தேதி, வியன்னாவின் பங்குச் சந்தை சரிந்தது. பின்னர் காலராவும் பரவியது. இரண்டு கோடிப் பேரை எதிர்பார்த்த கண்காட்சிக்கு எழுபது லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்களே வந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் இம்பீரியல் பிழைத்துக்கொண்டது என்பதே அதன் சிறப்பில் பாதி என்று எனக்குத் தோன்றும்.

ஹோட்டலாகத் திட்டமிடப்பட்ட கட்டடத்துக்கும், வீடாகக் கட்டப்பட்டு ஹோட்டலான கட்டடத்துக்கும் உள்ள வேறுபாடு அறைகளில் தெரியும். உங்கள் விலைக் கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது. மாளிகையின் உரிமையாளர்கள் வாழவும் விருந்தளிக்கவும் கட்டப்பட்ட முதல் தளம்தான் கூரை மிக உயர்ந்ததாகவும், சுவர்களிலும் விதானத்திலும் அலங்கார வேலைப்பாடு நிறைந்ததாகவும் இருக்கும். மேலே போகப் போகக் கூரையின் உயரம் குறையும். மேல்தளங்கள் முன்பு பணியாளர்களுக்கும் முக்கியத்துவம் குறைந்தவர்களுக்கும் உரியவையாக இருந்தவை. இன்றைய புதிய ஹோட்டல்களில் உயர்ந்த தளத்துக்குத்தான் அதிக விலை. பழைய மாளிகைகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாகிவிடும். மலிவான அறையை எடுப்பவர்கள் ஒழுங்கான, வசதியான, ஆனால் எந்த நகரிலும் கிடைக்கக்கூடிய ஓர் அறையைப் பெற்றுக்கொண்டு, அதன் பிறகு ஹோட்டலைக் குறைசொல்கிறார்கள். எனவே மூன்று இரவுகளுக்குக் கீழ்நிலை அறை என்பதைவிட ஒரே இரவு நல்ல அறை என்பதே சரியான செலவு. முன்பதிவு செய்யும்போது தளத்தையும் சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இனி அப்பாவுக்கு உரிய செய்தி. இம்பீரியலின் முன்பக்கம் ரிங் சாலையைப் பார்க்கிறது. பின்பக்கம் ஒரு குறுகிய தெருவைத் தாண்டி முசிக்ஃபெரைன் என்ற இசையரங்கைப் பார்க்கிறது. 1870-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கை நடத்தும் இசை நண்பர்கள் சங்கத்தின் கச்சேரிகளுக்குப் பிராம்ஸ் 1872 முதல் 1875 வரை தலைமை இயக்குநராக இருந்தார். அவர் இறுதிவரை குடியிருந்த கார்ல்ஸ்காஸ தெருவும் நடந்துபோகும் தொலைவுதான். மாலையில் முசிக்ஃபெரைனின் பொன்மண்டபத்தில் கச்சேரி கேட்டுவிட்டு, வாடகை வண்டி தேடாமல் தெருவைக் கடந்து அறைக்குத் திரும்பிவிடலாம் என்பது அம்மாவின் முழங்காலுக்கும் நல்லது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் சந்தாக் கச்சேரிகளுக்கு இடம் கிடைப்பது மிக அரிது. அதற்காக மனம் தளர வேண்டாம். வியன்னா சிம்ஃபனி இசைக்குழுவும் டோன்க்யூன்ஸ்ட்லர் இசைக்குழுவும் அதே மண்டபத்தில்தான் வாசிக்கின்றன.

சாஹரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எடுவார்ட் சாஹர் 1876-இல் தொடங்கிய அந்த ஹோட்டல் அரசு இசைநாடக அரங்கின் பின்புறத்துக்கு நேரெதிரே இருக்கிறது. முன்பு சாஹர் நிற்கும் இடத்தில் இருந்த கெர்ன்ட்னர்டோர் நாடக அரங்கில்தான் 1824 மே 7 அன்று பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனி முதன்முதலாக அரங்கேறியது. அந்த ஒரு தகவலுக்காகவே அப்பா சாஹரின் வாசலில் சிறிது நேரம் நிற்பார் என்று நினைக்கிறேன். 1892-இல் எடுவார்ட் இறந்த பிறகு அவர் மனைவி அன்னா சாஹர், வாயில் சுருட்டும் காலடியில் புல்டாக் நாய்களுமாக, நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் அந்த இடத்தை ஆண்டார். பேரரசின் பெரிய மனிதர்கள் எல்லாம் அவருடைய தனியறைகளில் உணவருந்தினார்கள். இம்பீரியலைவிட சாஹர் நெருக்கமானது. சிவப்புப் பட்டும் சிறு கூடங்களும் சுவர் நிறைந்த படங்களுமாக ஒரு வீட்டின் தன்மை அதற்கு உண்டு. ஆனால் அதன் புகழ்பெற்ற சாஹர் கேக்குக்காக வரும் கூட்டம் அதைச் சுற்றி எப்போதும் நிற்கும். அமைதியை விரும்பும் பெற்றோருக்கு அது ஒரு குறையாக இருக்கலாம்.

மறுமொழி 2: கார்த்திகைப்பூ

வடகரையான் எழுதியதில் தகவல் பிழை எதுவும் இல்லை; முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இந்த ஹோட்டல்களின் மிக அழகான பகுதிகளில் பலவும் தங்காதவர்களுக்கும் திறந்திருக்கின்றன. இம்பீரியலின் காப்பிக் கடையிலோ சாஹரின் காப்பிக் கடையிலோ பிரிஸ்டல் ஹோட்டலின் கூடத்திலோ ஒரு காப்பியும் ஒரு துண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். வியன்னாவின் காப்பிக் கடைகளில் எழுந்து போகச் சொல்லி யாரும் முகம் சுளிப்பதில்லை. அறைக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி நாம் கண்மூடித் தூங்கும் நேரத்துக்கான விலை. அந்தப் பணத்தில் முசிக்ஃபெரைனிலும் இசைநாடக அரங்கிலும் மிகச் சிறந்த இருக்கைகளை வாங்கிவிட்டு, அந்தத் தெருக்களுக்கு அருகிலேயே உள்ள குடும்பத்தார் நடத்தும் ஒரு நல்ல சிறு விடுதியில் தங்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது பேரரசர்களும் இசையமைப்பாளர்களும் மட்டுமே நினைவுக்கு வருவது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கும். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்துக்கொண்ட பிறகு வியன்னாவுக்கு வந்த ஹிட்லர் தங்கியது இம்பீரியலில்தான். அதன் உரிமையாளர்களுள் ஒருவரும் பிரிஸ்டலில் பங்கு வைத்திருந்தவருமான சாமுவேல் ஷாலிங்கர் யூதர். அவருடைய சொத்து பறிக்கப்பட்டது. அவர் 1942-இல் நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். 1873 கண்காட்சிக்காகவே கட்டப்பட்ட மற்றொரு பெரிய ஹோட்டலான மெட்ரோபோல், 1938-க்குப் பிறகு நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போவின் தலைமையகமாயிற்று. போரில் அழிந்த அந்தக் கட்டடம் நின்ற மோர்ட்சின் சதுக்கத்தில் இன்று ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. போருக்குப் பிறகு நகரை நான்கு வல்லரசுகள் பங்கிட்டபோது, இம்பீரியலைச் சோவியத் படையும் சாஹரைப் பிரிட்டன் படையும் பிரிஸ்டலை அமெரிக்கப் படையும் எடுத்துக்கொண்டன. உங்கள் அம்மாவுக்குக் கட்டடங்களில் ஈடுபாடு உண்டென்றால், மோர்ட்சின் சதுக்கத்துக்கும் அவரை அழைத்துச் செல்லுங்கள். இம்பீரியலின் படிக்கட்டை அதன் பிறகு பார்ப்பது வேறு மாதிரியாக இருக்கும்.

தங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மணநாள் மகிழ்ச்சி உங்கள் குடும்பத்துக்கு உரியது. அதற்கு விலை நிர்ணயிக்க நான் யார்? பணத்தை எண்ணித் தயங்குகிறவருக்கு வேறு வழியும் இருக்கிறது என்பதற்காகவே எழுதினேன்.

மறுமொழி 3: முன்மேசை

ஐரோப்பாவில் இத்தகைய ஒரு பழைய ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில், மேசைக்கு மறுபக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன். எது சிறந்தது என்ற விவாதத்தில் நுழையவில்லை.

விசா கையில் கிடைக்கும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத கட்டணத்தில் முன்பதிவு செய்யாதீர்கள். ஆஸ்திரியா உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், முதலில் ரத்து செய்யும் வசதியுள்ள கட்டணத்தில் அறையைப் பிடித்துவைத்து, அந்த உறுதிச் சீட்டையே விண்ணப்பத்தோடு இணைக்கலாம். விலை ஒப்பிடும் தளங்களில் பார்த்துவிட்டு, இறுதியில் ஹோட்டலிடமே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். காலியாக இருக்கும் நல்ல அறையை யாருக்குத் தரலாம் என்று காலையில் நாங்கள் பட்டியலைப் பார்க்கும்போது, நேரடியாக வந்தவர்களின் பெயர்களே பெரும்பாலும் முதலில் கண்ணில் படும். மணநாள் என்பதைப் பதிவுக் குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். சிறப்பு எதுவும் கேட்க வேண்டியதில்லை, சொன்னால் போதும்.

வந்து சேரும்போது அனைவருடைய கடவுச்சீட்டையும் கேட்பார்கள். விருந்தினரின் விவரங்களைப் பதிவு செய்வது ஆஸ்திரியச் சட்டப்படி கட்டாயம். கடன் அட்டையில் அறைக் கட்டணத்தோடு கூடுதலாக ஒரு தொகையையும் நிறுத்திவைப்பார்கள். வெளிநாட்டுச் செலவுக்கென்று முன்கூட்டியே பணம் நிரப்பிய அட்டையை அங்கே நீட்டினால், அந்தத் தொகை நீங்கள் புறப்பட்ட பிறகும் சில நாள்கள் முடங்கிக் கிடக்கும். அதற்கு ஒரு கடன் அட்டையைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. கட்டணத்தோடு நகரத்தின் தங்கல் வரி சேர்ந்திருக்கிறதா, காலை உணவு சேர்ந்திருக்கிறதா என்பவற்றைப் பதிவுக்கு முன்பே பாருங்கள். இந்தத் தரத்து ஹோட்டல்களில் காலை உணவு ஒருவருக்கு 40 யூரோவைத் தாண்டுவது வழக்கம்.

மேலங்கியின் இரு மடிப்புகளிலும் குறுக்காக வைத்த பொற்சாவிச் சின்னம் அணிந்த ஒருவர் முன்கூடத்தில் இருந்தால், விருந்தினரின் தேவைகளைக் கவனிக்கும் அவரே உங்களுக்கு மிகவும் பயன்படப் போகிறவர். அந்தச் சின்னம் 1929-இல் பாரிஸில் தொடங்கிய அத்தகைய பணியாளர்களின் ஒரு சங்கத்தைச் சேர்ந்தது, எளிதில் கிடைப்பதில்லை. கச்சேரிச் சீட்டு, முட்டையில்லாத உணவு கிடைக்கும் உணவகம், முழங்காலுக்கு ஏற்ற பாதை என்று எதை வேண்டுமானாலும் அவரிடம் கேட்கலாம். ஹோட்டலுக்கு வந்து சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலில் கேட்பது இன்னும் நல்லது. தெருவில் மோட்சார்ட் காலத்து உடையணிந்து சீட்டு விற்பவர்கள் சுற்றுலாப் பயணிகளுக்கான தனிக் கச்சேரிகளுக்கே விற்கிறார்கள். உங்கள் அப்பாவைப் போன்ற ரசிகர் அங்கே போய் உட்கார்ந்தால் ஏமாற்றமடைவார்.

சங்கடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அலங்காரமான இடத்தில் வேலை செய்பவர்கள் விருந்தினரின் உடையை எடைபோட்டுக்கொண்டு நிற்பதில்லை. எங்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. துவைத்துத் தேய்த்த உடை எதுவானாலும் போதும். அம்மா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு இறங்கினால், அந்த மாலையில் கூடத்திலேயே நன்றாக உடுத்தியவர் அவராகத்தான் இருப்பார். அன்பளிப்பு தருவது ஆஸ்திரியாவில் அளவானதே. உணவகத்தில் ஐந்து முதல் பத்து விழுக்காடு, பெட்டி தூக்குபவருக்கு ஒன்றிரண்டு யூரோ, அறை துடைப்பவருக்கு நாளொன்றுக்கு அதே அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னவரைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

குடிநீர் பற்றியும் ஒரு வார்த்தை. அறையில் வைத்திருக்கும் பாட்டில் நீருக்குப் பணம் தர வேண்டாம். வியன்னாவின் குழாய்களில் வருவது ஆல்ப்ஸ் மலையூற்று நீர். அதைக் கொண்டுவரும் முதல் நீர்வழி, இம்பீரியல் ஹோட்டலான அதே 1873-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது.

நெடுவழி

மூவருக்கும் மிக்க நன்றி. கார்த்திகைப்பூ அவர்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஷாலிங்கரைப் பற்றிக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த இடத்தில் தங்க வேண்டும், ஆனால் மோர்ட்சின் சதுக்கத்துக்கும் போக வேண்டும் என்றார். எனவே இம்பீரியலின் முதல் தளத்தில் ஒரே ஓர் இரவு என்று ஏறக்குறைய முடிவாகியிருக்கிறது. சாஹரில் காப்பி மட்டும்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. அம்மா முட்டை சாப்பிடமாட்டார் என்பதால் அவர் இந்த இடங்களில் எதை உண்ண முடியும்? ஒரே இரவு என்றால், நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

மறுமொழி 4: வடகரையான்

புகழ்பெற்ற சாஹர் கேக்கில் முட்டை நிறையவே உண்டு. அதன் மூல வடிவம் யாருக்குச் சொந்தம் என்று சாஹர் ஹோட்டலும் டெமெல் இனிப்பகமும் பல ஆண்டுகள் வழக்காடி 1963-இல்தான் சமரசத்துக்கு வந்தன. அம்மா அந்தக் கதையை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். ஆப்பிளை மாவில் சுருட்டிச் சுடும் ஷ்ட்ரூடலின் மெல்லிய மாவைப் பல இடங்களில் மாவும் எண்ணெயும் நீரும் மட்டுமே சேர்த்துப் பிசைகிறார்கள். சிலர் முட்டையும் சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுவிட்டு உண்ணலாம். மே மாதத்தில் நீங்கள் போவது நல்வாய்ப்பு, ஏனென்றால் அப்போது மார்ஷ்ஃபெல்ட் சமவெளியின் வெள்ளை ஆஸ்பராகஸ் என்ற தண்டுக் காய்கறி எல்லா உணவகங்களிலும் கிடைக்கும். வழக்கமாக அதன்மேல் ஊற்றும் ஹாலண்டேஸ் குழம்பில் முட்டை மஞ்சள் கரு இருக்கும். உருக்கிய வெண்ணெயோடும் வேகவைத்த உருளைக்கிழங்கோடும் தரச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். மாவுருண்டைகளிலும் முட்டை ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், "சைவம்" என்று மட்டும் சொல்லாமல் முட்டை கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டும்.

நேரத்தைப் பற்றி என் கருத்து இதுதான்: அந்த ஒரு நாளில் ஊர் சுற்றாதீர்கள். ஷேன்ப்ருன் அரண்மனையையும் அருங்காட்சியகங்களையும் குடியிருப்பில் தங்கும் நாள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பிற்பகலில்தான் அறை தருவார்கள். காலையிலேயே போய்ப் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டால் கூடங்களில் உட்கார்ந்திருக்கலாம், அறை முன்னதாகவே ஆயத்தமானால் தந்துவிடுவார்கள். இம்பீரியலின் அரச படிக்கட்டை அம்மா ஏற வேண்டியதில்லை. மின்தூக்கியில் முதல் தளத்துக்குப் போய், மேலிருந்து கீழே பார்த்தால் அதன் அமைப்பு இன்னும் நன்றாகத் தெரியும். கார்த்திகைப்பூ சொன்ன தூங்கும் நேரக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் கச்சேரி முடிந்து வந்து, ஆளில்லாத கூடத்தில் அவசரமின்றி உட்கார்ந்திருப்பதும், மறுநாள் காலை உணவை இரண்டு மணி நேரம் நீட்டிப்பதும் காப்பிக்கு மட்டும் வந்துபோகிறவர்களுக்குக் கிடைக்காது. புறப்படும் நாளில் நண்பகலுக்குப் பிறகும் அறையை வைத்துக்கொள்ள இயலுமா என்று முந்தைய மாலையே வரவேற்பு மேசையில் கேளுங்கள். கூட்டம் குறைவாக இருந்தால் கட்டணமின்றியே ஒன்றிரண்டு மணி நேரம் நீட்டித் தருவார்கள்.

கச்சேரி எந்த நாளில் என்பதை முதலில் உறுதி செய்துவிட்டு, அதற்கேற்ப அறையைப் பதிவு செய்யுங்கள். மே மாதத்தின் நடுவிலிருந்து வியன்னா கலைவிழா வாரங்களும் தொடங்கிவிடுவதால், நல்ல அறைகள் விரைவில் தீர்ந்துவிடும்.